கார்டியாலஜி படிக்கிற டாக்டர்கள் முன்னால் அரை மணி நேரம் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசட்டும்?

பட்டாலை, காரைக்குடி

வணக்கம். எனக்கு வயது 40. பிறக்கும்போதே இதயக் கோளாறு. டாக்டர்கள் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்பார்கள், எங்கள் தெருவில் 'நெஞ்சில் ஓட்டை இருந்த பிள்ளை' என்பார்கள். இப்போது என்னைப் பார்க்கிற பேராசிரியர், அடுத்த மாதம் அவருடைய மாணவர்களிடம் வந்து அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் என்றால் நேற்று கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் இல்லை. எம்.பி.பி.எஸ்., எம்.டி. எல்லாம் முடித்துவிட்டு டி.எம். கார்டியாலஜி படிக்கிறவர்கள், எட்டுப் பேர். "பிறவிக் கோளாறோடு வளர்ந்து பெரியவர்களானவர்களை எப்படிப் பார்க்கணும்னு பாடம் நான் எடுத்துக்கிறேன். புத்தகத்தில் இல்லாததை நீங்க சொல்லுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். திருப்பத்தூர் தாண்டும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பத்தாம் வகுப்பில் வரவேற்புரை படித்ததோடு சரி, அதற்கப்புறம் நான் நாலு பேர் முன்னால் நின்று பேசியதே இல்லை.

என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் கேள்வி புரியும். 1985இல் பிறந்தேன். அழுதால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடுமாம். நடக்கப் பழகிய பிறகு நாலு எட்டு வைத்ததும் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வேனாம். அப்பத்தா அதை விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. 2 வயதில் சென்னையில் ஒரு ஆபரேஷன். 9 வயதில், 1994இல், பெரிய ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்பாவிடம் "எல்லாம் சரி பண்ணியாச்சு, இனிமே மறந்துடுங்க" என்றாராம். எங்கள் வீட்டில் டாக்டர் சொன்னால் சொன்னதுதான். மறந்துவிட்டோம். 27 வருடம்.

2021இல் குன்றக்குடி மலைப்படி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. உட்கார்ந்தும் நிற்கவில்லை. அக்கா மகன் காரில் போட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எது என்று இங்கே வேண்டாம். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், கார்டியாலஜி படிப்பவர்தான். வலது கையில் பட்டையைச் சுற்றினார். பிரஷர் 82. இன்னொரு தடவை பார்த்தார், 80. அவர் முகம் வெளுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஷாக், லைன் போடுங்க" என்று சத்தம் போட்டார். சலைன் ஓடத் தொடங்கியது. "சார், அந்தக் கையில எப்பவுமே கம்மிதான், இந்தக் கையில பாருங்க" என்றேன். "பேசாம படுங்கம்மா" என்றார். இரண்டாவது பாட்டிலை மாட்ட வந்த வயதான நர்ஸ் என்ன நினைத்தாரோ, என் இடது கையை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். 126.

வலது கை கம்மி என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் வளையல் போட வருகிறவர் வலது கைக்கு மட்டும் ஒரு அளவு சின்னதாக எடுப்பார். அந்த மணிக்கட்டில் விரல் வைத்தால் துடிப்பும் அகப்படாது. அவ்வளவுதான் தெரியும். காரணம் தெரியாது.

பிறகுதான் இப்போதைய பேராசிரியரிடம் போனேன். முதல் கேள்வியே "2 வயதில் என்ன ஆபரேஷன் பண்ணினாங்க?" எங்களிடம் ஒரு தாளும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்து ஃபைல் இல்லை என்றார்கள். அப்புறம்தான் அம்மாவுக்கு ஐயாவின், என் தாத்தாவின், மரப்பெட்டி ஞாபகம் வந்தது. ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர். பர்மாவில் சில காலம், சண்டைக்குப் பிறகு பினாங்கில் நம் ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்த கிட்டங்கியில் பல காலம் கணக்கு எழுதியவர். ஊருக்குத் திரும்பிய பிறகும் கால் அணா செலவைக்கூட எழுதாமல் விட்டதில்லை. 1987ஆம் வருடத்துப் பேரேட்டில், அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: "பாப்பா ஆபரேஷன். வலது விலா வழி. வலது கைக்குப் போகிற குழாயை நுரையீரலுக்குத் திருப்பிவிட்டதாக டாக்டர் சொன்னது. ரத்தம் 2 பாட்டில். இட்லி, காப்பி 6.50." பேராசிரியர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

2022இல் எனக்கு வால்வு மாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் இதில் எதைச் சொல்வது? அழுதுவிடுவேனோ என்று பயம். அந்த 82 கதையைச் சொன்னால் குறை சொல்ல வந்தவள் மாதிரி ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். இங்கே டாக்டர்களும் இருக்கிறீர்கள், என்னை மாதிரி ஆட்களும் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.


கோவிலூர் ரோடு

ஆச்சி, வணக்கம். நான் இதய டாக்டர், 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

முதலில் எங்கள் படிப்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். டி.எம். 3 வருடம். அதில் மாரடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், வாதக் காய்ச்சலில் கெட்டுப்போன வால்வு, இவைதான் பகலும் இரவும். பிறவிக் கோளாறு பார்ப்பது குழந்தைகள் வார்டில் போடும் சில வாரங்களில். அங்கே நாங்கள் பார்ப்பது ஆபரேஷனுக்கு முந்தைய குழந்தையை. அந்தக் குழந்தைக்கு 30 வயதாகும்போது எப்படி இருக்கும், எது கெடும் என்று பார்க்க வாய்ப்பே வருவதில்லை. பெரியவர்கள் வார்டில் வந்து படுத்தால் 'ஓட்டை அடைச்ச கேஸ்' என்று ஒரு வரி. குழந்தை டாக்டருக்கு நீங்கள் வயது மீறியவர், எங்களுக்கு நீங்கள் புரியாத இதயம். இதற்காகத் தனியாகப் படிப்பு வந்ததே சமீபத்தில்தான். அமெரிக்காவில் 3 வருடக் கார்டியாலஜிக்கு மேல் இதற்கென்று 2 வருடம் படிக்க வேண்டும். குழந்தை இதய மருத்துவம் படித்தவர்களும் அதில் சேரலாம். அதற்கான தனித் தேர்வு அங்கே முதன்முதலாக நடந்தது 2015இல். லண்டனில் ஜேன் சோமர்வில் என்ற அம்மையார் 1970களிலேயே இப்படி வளர்ந்தவர்களுக்கென்று தனி வார்டு கேட்டு வாங்கினார். அவ்வளவு முன்னாலேயே ஒருவருக்குத் தோன்றியது மற்றவர்களுக்கு உறைக்க இத்தனை காலம்.

உங்கள் ஐயா எழுதியது பிளாலாக்–டவுசிக் ஷண்ட். அந்தக் காலத்து அசல் முறை, 'கிளாசிக்' என்போம்: கைக்குப் போகும் தமனியை வெட்டி நுரையீரல் தமனியில் இணைத்துவிடுவார்கள். கை அக்கம்பக்கத்துச் சின்னக் குழாய்களை வைத்துப் பிழைத்துக்கொள்ளும், ஆனால் நாடி மெலிந்துவிடும், பிரஷர் குறைவாகக் காட்டும். பின்னால் வந்த முறையில் தமனியை வெட்டாமல் நடுவே செயற்கைக் குழாய் வைக்கிறார்கள், கையில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆகவே உங்கள் மணிக்கட்டும் முதுகில் உள்ள தழும்பும்தான் உங்கள் கேஸ் ஷீட். அந்த இரவில் யாராவது முதுகைப் பார்த்திருந்தாலே போதும்.

முதல் ஆபரேஷன் 1944 நவம்பர் 29, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில். கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். ஆய்வகத்தில் நாய்களுக்குச் செய்து செய்து வழியைக் கண்டுபிடித்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அன்று பிளாலாக்கின் பின்னால் ஸ்டூலில் நின்று 'இப்படி, அப்படி' என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே. இப்போது பலரும் அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். யோசனை குழந்தை இதய டாக்டர் ஹெலன் டவுசிக்குடையது. அந்த அம்மாவுக்குக் காது கேட்கும் திறன் போய்விட்டது. குழந்தைகளின் நெஞ்சில் விரலை வைத்துத்தான் மர்மரை, அதாவது இதயத்தின் இரைச்சலை, படிப்பார். இன்னொன்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். நம் நாட்டின் முதல் பெண் இதய மருத்துவர் பத்மாவதி அவரிடம் பயிற்சி எடுத்தவர். பத்மாவதி பிறந்தது பர்மாவில், 1917இல். போரின்போது அங்கிருந்து கோயம்புத்தூருக்குத் தப்பி வந்த குடும்பம். உங்கள் ஐயா திரும்பியதும் அதே கலவரத்தில்தானே?

ஆகவே என் யோசனை: பேச்சே வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கையை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் கொடுத்து உங்கள் இதயத்தில் ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று வரையச் சொல்லுங்கள். வரையத் தெரியாதவருக்கு எக்கோ ஸ்கேனில் பார்த்தாலும் தெரியாது. இது என் அனுபவம்.


சிவன் கோயில் தெரு

ஆத்தா, தப்பா நினைக்காதே. நம்ம பக்கம் ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலிச்சா சாதாரண இதய டாக்டர் கிடைப்பதே பெரும்பாடு. மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டியிருக்கிறது. இதில் நெஞ்சில் ஓட்டையோடு பிறந்து பெரியவங்களானவர்களுக்குத் தனி டாக்டர் என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? முதலில் இருக்கிறதைச் சரி பண்ணட்டும்.


பட்டாலை, காரைக்குடி

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம்தான். காரைக்குடிக்கு ஒரு தனி டாக்டர் வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. நூறு மைல் தள்ளி ஒருவர் இருந்தால் போதும். ஆனால் இங்கே இருக்கிற டாக்டருக்கு, 'இந்த அம்மாவை நான் தொடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போடணும்' என்று தோன்ற வேண்டும். அது தோன்றுவதற்கும் படிப்பு வேண்டும் அல்லவா? எனக்கு 27 வருடம் யாருக்கும் தோன்றவில்லை. பிரசவத்தின்போதுகூட மர்மர் கேட்டுவிட்டு, 'பழைய தழும்பு, அப்படித்தான் கேட்கும்' என்று விட்டுவிட்டார்கள்.

கோவிலூர் ரோடு டாக்டர், நன்றி. விரலால் மர்மர் படித்த அம்மையாரைப் பற்றி என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஐயா போரில் நடந்தே வந்தவர் என்று அவர் ஒரு மணி நேரம் வேறு கதைக்குப் போய்விட்டார்.


எக்கோ ரூம்

நான் டாக்டர் இல்லை, எக்கோ டெக்னீஷியன். 14 வருடமாக இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். டி.எம். மாணவர்கள் எல்லாரும் முதலில் என்னிடம்தான் வந்து புரோப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், அந்த உரிமையில் சொல்கிறேன்.

அவர்கள் கண் இடது பக்கத்துக்கே பழகியிருக்கிறது. மாரடைப்பு என்றால் இடது வென்ட்ரிக்கிள்தானே, இதயத்தின் இடது கீழ் அறை, சுருக்கமாக எல்.வி. எல்.வி. நன்றாக இருந்தால் 'நார்மல்' என்று எழுதிவிடத் துடிக்கும் கை. உங்களை மாதிரி ஆட்களுக்கு வம்பு வலது பக்கத்தில். அந்தக் காலத்தில் நுரையீரலுக்குப் போகிற வழியில் இருந்த குறுகலை அகலப்படுத்த ஒட்டுப் போட்டபோது நுரையீரல் வால்வு கெட்டுப்போகும். ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் திரும்பி வரும். நம் வீட்டு நிலைக்குக் கதவு இல்லாத மாதிரி. வருடக்கணக்கில் அப்படியே போனால் வலது வென்ட்ரிக்கிள் பலூன் மாதிரி விரிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதை எக்கோவில் கண்ணளவாகச் சொல்ல முடியாது, எம்.ஆர்.ஐ.யில் அளந்தால்தான் சரி. ஈ.சி.ஜி.யில் க்யூ.ஆர்.எஸ். என்கிற கூர்மையான அலை எவ்வளவு அகலம் என்றும் பார்க்க வேண்டும். 180 மில்லி செகண்டைத் தாண்டினால் ஆபத்தான துடிப்பு வரலாம் என்று எங்கள் சார் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

இன்னொரு விஷயம், உங்களுக்கு இல்லை, உங்களுக்கு அடுத்து வரும் ஆளுக்கு. ஓட்டை இன்னும் அடைபடாமல் உதடு நீலமாக இருப்பவர்களுக்கு சலைன் லைனில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி போனால்கூட அது நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கு வழியில் மூளைக்குப் போய்விடலாம். நான் பார்த்த ஒரு படிக்கிற டாக்டர் அந்த லைனை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, சுண்டிச் சுண்டிக் குமிழியை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் மாட்டினார். ஐந்து நிமிடம் ஆனது. பின்னால் வரிசை கத்தியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆளிடம் என் அம்மாவை நம்பி விடுவேன்.


தேவகோட்டை ரஸ்தா

அக்கா, என் மகனுக்கு 17. ட்ரைகஸ்பிட் அட்ரீசியா, வலது பக்க வால்வு ஒன்று உருவாகவே இல்லை. வேலை செய்கிற பம்ப் ஒன்றுதான். 4 வயதில் ஃபான்டன் ஆபரேஷன் முடிந்தது. உடம்பிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தம் பம்ப் இல்லாமலே நேராக நுரையீரலுக்குப் போகிற ஏற்பாடு. பிரான்சில் ஃபான்டன் என்ற டாக்டர் 1968இல் முதலில் செய்தது என்று படித்திருக்கிறேன். படிக்காமல் என்ன செய்ய, சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் போகிற இடத்தில் எனக்காக ஒன்று சொல்லுங்கள். என்னைப் பத்து நிமிடம் வெளியே போகச் சொல்லச் சொல்லுங்கள்.

இவன் ஓ.பி.யில் உட்கார்ந்தால் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். "பையன் நல்லா சாப்பிடுறானா? மூச்சு வாங்குதா?" நானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். 17 வருடப் பழக்கம். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். போன தடவை ஒரு இளம் டாக்டர், படிக்கிற பெண், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றது. எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். உள்ளே அவன் என்ன சொன்னான் தெரியுமா? ராத்திரி இதயம் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று. ஆறு மாதமாம். என்னிடம் சொன்னால் கிரிக்கெட் நிறுத்திவிடுவேன் என்று சொல்லவில்லையாம். (விளையாடுவது இல்லை, அம்பயராக நிற்கிறான்.) பிறகு அந்தப் பெண் ஒரு நோட்டுத் தாளில் அவனையே அவன் ஆபரேஷன் பெயரை எழுதச் சொன்னது. பெயர் தெரியவில்லை. 'இதய ஆபரேஷன்' என்று எழுதினான். அன்றைக்குத்தான் அவனுக்கே முதல் பாடம் நடந்தது. கல்லீரலையும் வருடாவருடம் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. இதய நோய்க்குக் கல்லீரலை ஏன் பார்க்கணும் என்று கேட்டேன். ரத்தம் பம்ப் இல்லாமல் போவதால் பின்னால் அழுத்தம் தேங்கி, அது கல்லீரலைத்தான் வாட்டும் என்றது.

அடுத்த வருடம் 18. பிள்ளைகளுக்கான அரசுப் பரிசோதனைத் திட்டம், ஆர்.பி.எஸ்.கே., 18 வரைக்கும்தான். குழந்தைகள் ஓ.பி.யிலும் அதற்கப்புறம் பார்ப்பதில்லை. பிறந்தநாளுக்கு மறுநாள் இதயம் புதிதாகிவிடுமா? யாரிடம் கொண்டுபோவது என்று இன்னும் தெரியவில்லை. கோவிலூர் ரோடு டாக்டர், உங்களுக்குத் தனியாக எழுதலாமா?


மூன்றாம் வருடம்

கோபப்படாமல் படியுங்கள் அக்கா. நானும் டி.எம். கார்டியாலஜி படிக்கிறவன்தான். அந்த எட்டுப் பேரில் ஒருவன் இல்லை, வேறு ஊர். ஆனால் அந்த 82 பார்த்த டாக்டர் நானாக இருந்திருக்கலாம்.

தேர்வுக்கு எங்களுக்குப் பிறவி இதயக் கோளாறு தண்ணீர் பட்ட பாடு. லாங் கேஸாக, அதாவது நேரமெடுத்துப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளியாக, அதைத்தான் வைப்பார்கள். பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து ஒருவரை வரவழைத்துப் படுக்க வைத்திருப்பார்கள். நாங்கள் வரிசையாகப் போய் ஸ்டெத் வைத்து, இதயத்தின் இரண்டாவது ஒலி ஒற்றையாகக் கேட்கிறதா, மர்மர் எந்த இடத்தில் என்று ஒப்பிப்போம். அவருக்கு என்ன வேலை, கல்யாணம் ஆனதா, படியேற முடிகிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்கினால் மார்க் போகும். ஒரே ஆளை மூன்று வருடம் மூன்று பேட்சும் தொட்டிருக்கிறோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. வி.எஸ்.டி. ஐசன்மெங்கர் (ஓட்டையை அடைக்காமல் விட்டு, நுரையீரலில் அழுத்தம் ஏறி, அசுத்த ரத்தம் உடம்புக்குப் போகிற நிலை) என்றால் தெரியும்.

முதல் வருடத்தில் 28 வயதுப் பெண் வந்தார், அதே ஐசன்மெங்கர். தலைவலி, மயக்கம். ஹீமோகுளோபின் 21. ரத்தம் கெட்டியாகிவிட்டது, ஒரு பாட்டில் எடுத்துவிடலாம் என்று எழுதிவிட்டேன். படித்ததும் அப்படித்தான் ஞாபகம். சீனியர் வந்து தாளை வாங்கி அடித்தார். "இரும்புச்சத்து பார்த்தியா? தண்ணி குடிச்சாங்களான்னு கேட்டியா?" அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைவு. ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் உடம்பு ஈடுகட்ட ஏற்றி வைத்த ரத்தம் அது, அதை எடுத்தால் இருக்கிற இரும்பும் போய், பக்கவாத ஆபத்துதான் கூடும். 21ஐப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். இதை மேற்கொண்டு படிக்கலாம் என்று ஆசை. ஆனால் உங்களை மாதிரி ஒருவரைச் சரியாகப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். எங்கள் ஓ.பி.யில் என் மேசைக்கு ஒரு நாளைக்கு 60 பேர். நாளைக்குத் தனியாரில் வேலைக்குப் போனால் எத்தனை ஸ்டென்ட் என்றுதான் கேட்பார்கள். என் மாமனார் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

நீங்கள் அழுதால் அழுங்கள். கேஸாக மட்டும் போய்ப் படுத்துவிடாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள்.


பட்டாலை, காரைக்குடி

போய்விட்டு வந்துவிட்டேன். உடனே எழுதுகிறேன் என்று நினைத்தேன், நாலு நாள் ஆகிவிட்டது.

நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், மூன்றாம் வருடம் தம்பி. கண்டாங்கி கட்டி, ஐயாவின் பேரேட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கோவிலூர் ரோடு டாக்டர் சொன்னபடியே, பெயரைக்கூடச் சொல்லாமல் "பிரஷர் பாருங்க" என்றேன். பேராசிரியர் மூலையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். முதல் ஐந்து பேரும் நேராக வலது கைக்கு வந்தார்கள், அந்தப் பக்கம்தான் மேசை இருந்தது. 84, 80, 82. ஒருவர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். ஆறாவது பையன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தக் கையில் பார்க்கட்டும்?" என்று கேட்டான். ஏழாவது ஒரு பெண். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்தாள். கண்ணை மூடினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் "முதுகைப் பார்க்கலாமா ஆன்ட்டி?" என்றாள். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். வலது தோள்பட்டைக்குக் கீழே வளைந்த அந்தத் தழும்பில் விரலை ஓட்டி, வெளியே வந்து "கிளாசிக் ஷண்ட்" என்றாள். எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

பேரேட்டைக் காட்டியதும் எட்டுப் பேரும் குனிந்து படித்தார்கள். தமிழ் படிக்க வராத ஒருவருக்குப் பக்கத்துப் பையன் படித்துச் சொன்னான். 'இட்லி, காப்பி 6.50' வந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

வரையச் சொன்னதில் மூன்று பேர் படம்தான் சரி என்று பேராசிரியர் சொன்னார். மற்றவர்கள் அவர் கையில் மாட்டிக்கொண்டார்கள், அதை நான் எழுதவில்லை.

படியேறினால் மூச்சு வாங்குமா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். உடனே நிறுத்தி, "தம்பி, நான் படியேறுவதே இல்லை. எங்கள் வீட்டில் மாடியில் காயப்போடுகிற வேலை எப்பவுமே தங்கச்சிக்கு. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் நோட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை நான். எனக்கு எது சாதாரணம் என்றே தெரியாது" என்றேன். அதன் பிறகு வால்வு மாற்றியதும் நடந்ததைச் சொன்னேன். பிள்ளையார்பட்டியில் ஒரு சுற்று முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், தங்கச்சி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அதனால்தான் வாயால் கேட்டால் போதாது, சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சையும் அளந்து பாருங்கள் என்று பேராசிரியர் அவர்களிடம் சொன்னார்.

பிள்ளை பெற்ற கதையை யாரும் கேட்கவில்லை. ஆறு ஆண்கள், கூச்சம் போல. நானே சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் ஒன்றும் பார்க்காமலே "குழந்தை வேண்டாம்" என்றதையும், இன்னொருவர் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுத் தாங்கும் என்றதையும். அந்த எக்கோவிலேயே வால்வு கசிவது தெரிந்திருக்க வேண்டும் என்று பேராசிரியர் இடையில் சொன்னார், யாருக்கென்று பார்க்காமல். என் பிள்ளைக்கும் இதே கோளாறு வருமோ என்று ஐந்து மாதம் தூங்காமல் கிடந்ததைச் சொன்னேன். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துதான் வாய்ப்பு, வயிற்றிலிருக்கும்போதே ஐந்தாம் மாதம் போல எக்கோவில் பார்த்துவிடலாம் என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. மகன் நன்றாக இருக்கிறான். தேவகோட்டை ரஸ்தா, உங்கள் பத்து நிமிடத்தையும் சொன்னேன். இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள், நான் பார்த்தேன்.

82 கதையைக் கடைசியில்தான் சொன்னேன், ஆஸ்பத்திரி பெயர் சொல்லாமல். கூட்டம் முடிந்து லிஃப்டுக்குப் போகும்போது, மணிக்கட்டைப் பிடித்த அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த டாக்டருக்கு அப்புறம் யாராவது சொன்னாங்களா ஆன்ட்டி, ஏன் 82ன்னு?"

இல்லை. நர்ஸ் 126 என்றதும் அவர் சலைனை நிறுத்திவிட்டு வேறு படுக்கைக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அவருக்கு ட்யூட்டி இல்லை. காரணம் எனக்கே அப்போது தெரியாது. தெரிந்த பிறகு நாலு வருடம் அவரைத் திட்டிக்கொண்டு இருந்தேனே தவிர, அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் பெயர் என் டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் இருக்கிறது. நேற்று ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கி வந்தேன். பேரேட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் வைத்தால் அதில் அடங்காது என்று அம்மா சொன்னதால் இன்று கவர் வாங்கியிருக்கிறேன். 'டாக்டர் தம்பிக்கு' என்பது வரை எழுதியாகிவிட்டது.